பங்கருக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதுமையில் மறதி நோய் கூடுதலாக வருமா?

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியை இதைக் கேட்டிருக்கிறார். அவருக்கு 38 வயது. பிறந்தது முதல் எட்டு வயது வரை ஷெல்லடியும் பொம்மர் விமானமும் பங்கர் என்ற பதுங்குகுழியுமாகக் கழிந்திருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் பகுதி மக்கள் எல்லோரும் போருக்குத் தப்பித் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் நடந்திருக்கிறார். இப்போது 67 வயதான அவருடைய தாய் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறார். "உங்கள் அம்மாவுக்கே இப்படியென்றால், போருக்குள் வளர்ந்த உங்களுக்கு இன்னும் வேளைக்கே அறளை பெயரும்" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். அது உண்மையா, தன் மகளுக்கும் அது கடத்தப்படுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

முதலில் நேரான பதில். சிறுவயதில் கடும் நெருக்கடிக்குள் வளர்ந்தவர்களுக்கு முதுமையில் மறதி நோய் வரும் வாய்ப்பு ஓரளவு அதிகம். அவர்களில் எல்லோருக்கும் அது வருவதில்லை. சிறுவயதுக்கும் முதுமைக்கும் நடுவே ஐம்பது, அறுபது வருடங்கள் கிடக்கின்றன. சிறுவயதில் விழுந்த அடி பெரும்பாலும் நடுவயது உடலின் வழியாகத்தான் முதுமையை அடைகிறது: குருதி அமுக்கம், நீரிழிவு, மனச்சோர்வு, புகை, மது, தனிமை. அந்த வழியில் நீங்கள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான் உறவினரின் ஆருடத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பயம் வந்தவுடன் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அதிரனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் குருதியில் கலக்கின்றன. ஓடவும் ஒளியவும் வேண்டிய சக்தி அதனால் கிடைக்கிறது. ஆபத்து போனதும் "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டிய பொறுப்பில் ஒரு பங்கு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு உண்டு. காதுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும் கடற்குதிரை வடிவில் இருக்கும் சிறிய பகுதி அது. புதிய நினைவுகள் உருவாவதற்கும் அதுவே அடிப்படை. மறதி நோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்றும் அதுதான். அதாவது, நெருக்கடியை அடக்கும் உறுப்பும் மறதி நோயில் முதலில் தேயும் உறுப்பும் ஒன்றே. கோர்ட்டிசோல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அந்த உறுப்பிலுள்ள நரம்புக்கலங்களின் கிளைகள் சுருங்குகின்றன. அது பலவீனமானால் கோர்ட்டிசோலை நிறுத்தும் ஆற்றலும் குறைகிறது. 1986 இல் ரொபர்ட் சபோல்ஸ்கியும் அவருடைய குழுவினரும் இந்தச் சுழலை முதுமையோடு தொடர்புபடுத்தி ஒரு கருதுகோளாக முன்வைத்தார்கள்.

இது சிறுவயதோடு எப்படி இணைகிறது என்பதைக் காட்டியவை எலி ஆய்வுகள். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி நடத்திய வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் என் மனதை மிகவும் தொட்ட வேலை அது. பிறந்த எலிக்குட்டிகளை முதல் மூன்று வாரங்கள் நாளுக்குச் சில நிமிடங்கள் கையில் எடுத்துவிட்டுத் தாயிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குட்டிகள் இரண்டு வயது வரை, அதாவது எலிக்குக் கிழப்பருவம் வரை வளர்ந்தபோது, அவற்றின் ஹிப்போகாம்பஸில் நரம்புக்கலங்களின் இழப்பு மற்ற எலிகளைவிடக் குறைவாக இருந்தது. நினைவும் நன்றாக இருந்தது. 1988 இல் இது வெளிவந்தது. கையில் எடுத்ததால் மட்டும் அப்படி நடக்கவில்லை. திரும்பி வந்த குட்டியைத் தாய் வழக்கத்தைவிட அதிகமாக நக்கியது, தடவியது. அந்தத் தடவல்தான் வேலை செய்திருக்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

2004 இல் அதே ஆய்வுக்கூடம் அடுத்த படிக்குப் போனது. தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகளையும் குறைவாக நக்கி வளர்த்த குட்டிகளையும் ஒப்பிட்டார்கள். கோர்ட்டிசோலை உணர்ந்து அதை நிறுத்தச் சொல்லும் ஏற்பியை உருவாக்க ஒரு மரபணு இருக்கிறது. குறைவாக நக்கப்பட்ட குட்டிகளின் ஹிப்போகாம்பஸில் அந்த மரபணுவின் மேல் மீதைல் என்ற வேதியியல் குறி கூடுதலாகப் படிந்து அதன் செயலைக் குறைத்திருந்தது. மரபணு மாறவில்லை; அது எவ்வளவு செயற்பட வேண்டும் என்ற ஏற்பாடு மாறியிருந்தது. கவனிக்காத தாய்க்குப் பிறந்த குட்டியைக் கவனிக்கும் தாயிடம் வளரவிட்டபோது, குட்டியின் குறி வளர்த்த தாயைப் பின்பற்றியது. வளர்ந்த எலியின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி அந்தக் குறியை மாற்றவும் முடிந்தது. மனிதருக்குக் கொடுக்கக்கூடிய மருந்தல்ல அது. ஆனாலும் சிறுவயதில் எழுதப்பட்டது கல்வெட்டல்ல என்பதற்கு அது ஒரு சான்று. 2009 இல் அதே குழுவினர், தற்கொலை செய்து இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் இதே வகைக் குறி கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள்.

இன்னொரு ஆய்வுமுறையை நம் முகாம்களை நினைக்காமல் என்னால் படிக்க முடிவதில்லை. கலிபோர்னியாவில் டாலி பராம் உருவாக்கியது. குட்டி ஈன்ற எலித் தாய்க்குக் கூடு கட்டும் பொருளையும் கீழே விரிக்கும் தூளையும் மிகக் குறைவாகக் கொடுப்பார்கள். குட்டிகளின் இரண்டாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை மட்டும். தாய் குட்டிகளை விட்டுப் போவதில்லை. ஆனால் அமைதியாக இருப்பதும் இல்லை. உள்ளே வரும், வெளியே ஓடும், பாதியில் பால் கொடுப்பதை நிறுத்தும். கவனிப்பின் மொத்த அளவு பெரிதாகக் குறைவதில்லை. அது துண்டு துண்டாகி, எப்போது கிடைக்கும் என்று குட்டிக்குத் தெரியாததாகிவிடுகிறது. நடுவயதில் அந்தக் குட்டிகளின் நினைவு மங்குகிறது. அல்சைமர் தொடர்பான மரபணுக்கள் சேர்க்கப்பட்ட சுண்டெலிகளை ஆம்ஸ்டர்டாமில் இதே முறையில் வளர்த்தபோது, வயதான பின் அவற்றின் மூளையில், அல்சைமரில் சேரும் புரதமான அமிலொயிட்டின் படிவு அதிகமாக இருந்தது.

இதில் தாயைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கூட்டுக்குரிய பொருளைப் பறித்தவர்களால் வந்த விளைவு அது. மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் நலன்புரி முகாம் கொட்டில்களில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நின்றுகொண்டு பிள்ளை வளர்த்த தாய்மாரைப் பற்றி யாராவது "சரியாகக் கவனிக்கவில்லை" என்று பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

கோர்ட்டிசோல் மட்டுமல்ல, அழற்சியும், அதாவது தொற்றுக்கும் காயத்துக்கும் உடல் காட்டும் தற்காப்பு எதிர்வினையும், ஒரு வழி. மூளைக்குள் மைக்ரோக்ளியா என்ற காவற்கலங்கள் இருக்கின்றன. சிறுவயது நெருக்கடி அவற்றை எளிதில் சீறும் நிலையில் வைத்துவிடுகிறது. பிற்காலத்தில் சிறிய தொற்றுக்கோ படிவுக்கோ அவை அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகின்றன. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73 இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் குருதியில் 32 வயதிலும் அழற்சியின் அடையாளங்கள் உயர்ந்திருந்தன. கை நடுங்கி அசைவு மந்தமாகும் பாக்கின்சன் நோயைப் பொறுத்தவரை, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ந்த எலிகளின் டோபமைன் கலங்கள் (அந்த நோயில் அழியும் மூளைக்கலங்கள்) பின்னாளில் நச்சுப்பொருளுக்கு எளிதில் பலியானதைக் காட்டிய ஆய்வு உண்டு. மனிதரில் மறதி நோய்க்கு இருக்கும் அளவு சான்று பாக்கின்சனுக்கு இல்லை. ஆகவே அதைப் பற்றி நீங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

மனிதருக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு மிக அருகில் இருப்பது ஜப்பானிலிருந்து 2020 இல் வந்த ஆய்வு. 1948 க்கு முன் பிறந்த, அதாவது போரிலும் அதன் பின்னான பஞ்சத்திலும் வளர்ந்த, 17,000 க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சிறுவயது பற்றிக் கேட்டார்கள்: பெற்றோரின் மரணம், பிரிவு, வீட்டில் அடிதடி, புறக்கணிப்பு போன்றவை. பின்னர் யாருக்கு மறதி நோய் வருகிறது என்று சில வருடங்கள் பார்த்தார்கள். மூன்றோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு நோய் தெளிவாக அதிகமாக வந்தது. அவுஸ்திரேலியாவின் பூர்வகுடி முதியவர்களிடம் செய்யப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வும் அதையே சொன்னது. ருமேனியாவின் அநாதை விடுதிகளில் பட்டினியும் தனிமையுமாகக் கிடந்து, பிறகு இங்கிலாந்தில் நல்ல குடும்பங்களுக்குத் தத்துப்போன பிள்ளைகளை இளவயதில் ஸ்கேன் செய்தபோது, அவர்களின் மூளையின் மொத்த அளவு மற்றத் தத்துப்பிள்ளைகளைவிட 8.6 சதவீதம் சிறிதாக இருந்தது. விடுதியில் கழித்த மாதங்கள் கூடக் கூட அளவு குறைந்திருந்தது.

ஆனால் எல்லா நெருக்கடியும் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டுவீச்சு நடந்தபோது, ஹாம்ஸ்டெட் விடுதிகளில் பிள்ளைகளைக் கவனித்த அன்னா பிராய்டும் டொரத்தி பேர்லிங்ஹாமும் ஒன்றை எழுதி வைத்தார்கள்: பாதுகாப்பான ஊருக்குத் தாயில்லாமல் அனுப்பப்பட்ட பிள்ளைகள், தாயோடு குண்டுச் சத்தத்துக்குள்ளேயே இருந்த பிள்ளைகளைவிட அதிகம் குலைந்து போயிருந்தார்கள். அதே போரில் பின்லாந்து ஏறக்குறைய 70,000 பிள்ளைகளைப் பெற்றோரில்லாமல் சுவீடனுக்கும் டென்மார்க்குக்கும் அனுப்பியது. குண்டிலிருந்து காப்பாற்றத்தான் அனுப்பினார்கள். அறுபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பிரிக்கப்பட்டவர்களிடம் இதய நோயும் மனச்சோர்வின் அறிகுறிகளும், வீட்டில் இருந்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தன.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் அம்மம்மாவின் கையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். பங்கருக்குள் உங்களை மடியில் வைத்துக்கொண்டு தேவாரம் சொன்னவரோ கதை சொன்னவரோ இருந்திருந்தால், உங்கள் உடல் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்கவில்லை. பிள்ளையின் கோர்ட்டிசோலை அடக்குவதில் நம்பிக்கையான பெரியவர் ஒருவரின் அருகாமைக்குச் சமமான மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த அருகாமை கிடைக்காதவர்களும் நம்மிடையே நிறைய. தந்தை காணாமற்போன வீடுகள், தாய் இறந்த வீடுகள், விடுதியில் விடப்பட்ட பிள்ளைகள். அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

இங்கே நாம் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பின் வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வில், போரும் சுனாமியும் மட்டுமல்ல, வீட்டுக்குள் விழுந்த அடியும் பிள்ளைகளின் மனக்காயத்தோடு தொடர்புபட்டிருந்தது. தந்தையின் குடி அதிகமான இடத்தில் அடியும் அதிகம். போர் வெளியே நடந்தது. அதன் எஞ்சிய பகுதி வீட்டுக்குள் வந்து குடியேறியது. நாம் ஷெல்லைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறோம். பூவரசந்தடியைப் பற்றிப் பேசுவதில்லை. "அடியாத மாடு படியாது" என்று சொல்லிப் பழகிய ஊர் இது. பிள்ளையின் மூளைக்கு, தான் ஓடிப்போய் ஒளிய வேண்டிய ஆளே அடிக்கிற ஆளாக இருப்பது வானத்திலிருந்து விழும் குண்டைவிடக் குழப்பமானது. எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குத் தெரியாது.

நடுவயது வழி என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இப்போது வருகிறேன். 2024 இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உலகின் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதம் அந்த 14 உடனும் தொடர்புடையது என்பது அவர்களின் கணிப்பு. சிறுவயது நெருக்கடி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் பட்டியலை நம் ஊருக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். கேள்திறன் இழப்பு அதில் முன்வரிசையில் நிற்கிறது. ஷெல்லும் குண்டும் வெடித்த இடத்தருகே வளர்ந்தவர்கள் நாம். தலையில் காயம் உண்டு. மனச்சோர்வு உண்டு, 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளில் எடுக்கப்பட்ட ஆய்வில் 22.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. குருதி அமுக்கம், நீரிழிவு, புகை, மது உண்டு. தனிமையும் உண்டு, பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் இருவரோ ஒருவரோ வாழும் முதுமை நமக்குப் பழகிவிட்டது. சிறுவயதில் நெருக்கடிக்குள் வளர்ந்தவர்களிடம் இவற்றில் பல கூடுதலாகக் காணப்படும் என்பதை 1998 இல் கலிபோர்னியாவில் வின்சென்ட் பெலிட்டியும் ரொபர்ட் அண்டாவும் வெளியிட்ட பெரிய ஆய்விலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறோம்.

பட்டியலின் தொடக்கத்தில் இன்னொன்று இருக்கிறது: சிறுவயதில் கல்வி குறைவு. இதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மின்சாரமில்லாமல், பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கம் போலிருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. இடம்பெயர்ந்த பள்ளிகள் மரத்தடியிலும் கொட்டிலிலும் நடந்தன. படித்த மூளை நோயை முற்றாகத் தடுப்பதில்லை; நோய் வந்த பின்னும் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறது. அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை டேவிட் ஸ்னோடன் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இருபதுகளில் கருத்துச் செறிவோடு தன்வரலாறு எழுதியவர்களுக்கு முதுமையில் அல்சைமர் குறைவாக வந்தது. பத்திரமாக இருந்த நாட்டுப் பெண்கள் அவர்கள். நம்மோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அன்று உங்களை விளக்கடியில் உட்கார வைத்தவர்கள் பரீட்சைக்கு மட்டும் உதவவில்லை.

ஆகவே 38 வயதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய. குருதி அமுக்கத்தை வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். நாற்பதைத் தாண்டியபின் மேல் அளவு 130 க்கு மேல் போகாமல் வைத்திருப்பது நல்லது. சர்க்கரையையும் கொழுப்பையும் அரச வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கலாம். காதில் இரைச்சலோ, வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை பேசுவது புரியாமலோ இருந்தால், கேட்கும் திறனைச் சோதியுங்கள். 2023 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரீட்சார்த்த ஆய்வில், காது கேட்கும் கருவி முழுக் குழுவில் வேறுபாடு எதையும் காட்டவில்லை. ஆபத்து அதிகமான முதியவர்களில் மட்டும் மூன்று வருடங்களில் சிந்தனைத் திறனின் சரிவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. பட்டாசு வெடித்தால் இன்னும் உடல் நடுங்குகிறதா, தூக்கத்தில் பழைய காட்சிகள் வருகின்றனவா? அப்படியானால் அதற்குச் சிகிச்சை உண்டு. தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் எதுவுமில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் நடந்துகொண்டிருந்தபோதே இங்கே அந்தப் பணியைக் கட்டியெழுப்பினார்கள். அவர்கள் விட்டுச்சென்றதை நாம் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் மகளைப் பற்றி. போரின் காயம் மரபணுக் குறிகளாகப் பேரப்பிள்ளைகள் வரை போகிறது என்ற பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. எலிகளில் அதற்குச் சான்றுகள் உண்டு. மனிதரில் இருப்பவை சிறிய ஆய்வுகள்; அவற்றை வைத்து உங்கள் மகளின் முதுமையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. உண்மையில் கடத்தப்படுவது வீட்டின் வாழ்முறை: திடீரென்று வெடிக்கும் கோபம், நாட்கணக்கான மௌனம், "கவனம், கவனம்" என்ற ஓயாத எச்சரிக்கை. அதை நிறுத்த உங்களால் முடியும். புக்காரெஸ்ட் நகரில் 2000 களின் தொடக்கத்தில் விடுதியிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் மடி கிடைத்த பிள்ளைகள் அதிகம் மீண்டார்கள். பிந்திக் கிடைத்தவர்களும் விடுதியிலேயே இருந்தவர்களைவிடப் பல விதங்களில் நன்றாக இருந்தார்கள்.

கடைசியாக உங்கள் தாய். அவர் போரைச் சந்தித்தது வளர்ந்த பிறகு. அவருடைய மறதியை வைத்து உங்களுடையதைக் கணிக்க முடியாது. 67 வயதில் மறதி என்றவுடன் அல்சைமர் என்று முடிவுகட்டவும் கூடாது. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, கேட்காத காது, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சளிக்கு எடுக்கும் தூக்கம் தரும் மாத்திரை எல்லாமே இதே தோற்றத்தைத் தரும். பலதைச் சரிசெய்யவும் முடியும். பொறுத்திருக்க வேண்டாம், இந்த மாதமே கூட்டிப் போங்கள். கிளினிக் கொப்பியையும் அவர் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், மருந்துக்கடையில் தானாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மறதி எப்போது தொடங்கியது, மெல்ல மெல்லக் கூடியதா, ஒரு காய்ச்சலுக்கோ விழுகைக்கோ பிறகு திடீரென்று வந்ததா என்பதை எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே காத்திருக்கும் நேரத்தில் உங்கள் குருதி அமுக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.